பத்து மணிக்கு வாங்கம்மா

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்று நான் சொன்னது ஒரு சனிக்கிழமை மாலை ஆறே கால் மணிக்கு. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தியேட்டரின் முகப்பை இடித்து இறக்குவது என்று அன்று மதியமே முடிவாகியிருந்தது. அந்த முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போது நான் பொய் சொன்னேன் என்பதில் சந்தேகமே எழவில்லை. ஆனால் அந்த மாலையில், சொன்ன கணத்தில், அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. இந்த வேறுபாடுதான் இத்தனை நாள் கழித்தும் என்னை இதை எழுத வைக்கிறது.

கேட்ட அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அந்தத் தியேட்டரின் பெண்கள் கவுண்டரில் இருபத்தாறு வருடம் டிக்கெட் கொடுத்தவர். மணி அடித்ததும் கவுண்டரை அடைத்துவிட்டுப் பெண்கள் வாசலுக்குப் போய், தான் கொடுத்த டிக்கெட்டுகளைத் தானே வாங்கிக் கிழித்து உள்ளே அனுப்பியவரும் அவர்தான். தகரத் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "தம்பி, நான் உக்காந்திருந்த ரூமு இன்னும் நிக்குதுல்ல? அதை ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன். அஞ்சு நிமிசம்தான்" என்றார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

அந்த அறை அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. முகப்புக் கட்டடத்தின் இடது ஓரத்தில், ஐந்தடிக்கு நான்கடி இருக்கும். அந்த மாலையில் அதற்குள் ஒருவரை அழைத்துப்போவதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைக்கவசம் ஒன்றை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து, செங்கல் குவியலைச் சுற்றிக் கூட்டிப்போயிருந்தால் உண்மையிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஏன் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை வாரக்கூலிப் பட்டுவாடா. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கூரையைத் தாங்கிய இரும்புச் சட்டங்களான ட்ரஸ்களை வெட்டி எடுத்த ஆங்கிள்களை ஏற்றிய லாரி இஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது. எடை மேடை அடைப்பதற்குள் அது போய்ச் சேர வேண்டும். அந்த அம்மாவுக்குப் பின்னால் பதினைந்து பேராவது தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரை விட்டால் அத்தனை பேரையும் விட வேண்டும். இவை எல்லாமே உண்மை. இவற்றில் எதைச் சொல்லி மறுத்திருந்தாலும் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். நான் மறுக்கவில்லை. நேரம் கொடுத்தேன்.

கட்டடம் இடிப்பவர்களுக்கு என்று ஒரு முறை உண்டு. ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தரக் குறியீட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. எழுதாவிட்டாலும் எங்கள் மேஸ்திரிகளுக்கு அது தெரியும். எந்த வரிசையில் கட்டினார்களோ அதற்குத் தலைகீழான வரிசையில் இறக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதலில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடையாமல், தண்ணீர் தெளித்துத் தெளித்து இறக்கினோம். பிறகு ட்ரஸ்களைக் கேஸ் கட்டர் வைத்து வெட்டினோம். அதன்பின் பால்கனி. படப்பெட்டி காலத்து ஆபரேட்டர் அறை மட்டும் எங்களை இரண்டு நாள் கூடுதலாக வேலை வாங்கியது. எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் பிலிமுக்குப் பயந்து அந்தக் காலத்தில் ஆபரேட்டர் அறைகளைக் கோட்டைபோலக் கட்டினார்கள். தீ பிடித்தால் பார்வைத் துளைகளைச் சட்டென்று மூடிவிடும் இரும்புப் பலகைகள் அங்கே துருவேறிய காடியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

கடைசியாக மிஞ்சியது முகப்பு. சாலையை ஒட்டி முப்பது அடிக்கு மேல் நின்றது. அதன் உச்சியில் தியேட்டரின் பெயரைச் சிமெண்டில் வார்த்த கைப்பிடிச் சுவர், உள்கம்பி துருப்பிடித்து ஊதி, சாலைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பேருந்து போகும் சாலை அது. எனவே ஞாயிற்றுக்கிழமை விடியலில், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தி, போலீஸ் உதவியோடு போக்குவரத்தை மறித்து, பொக்லைன் வைத்து உள்பக்கமாக இழுத்துத் தள்ளுவது என்று முடிவு செய்தோம். நேரத்தை வெளியே சொல்வதில்லை என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. சொன்னால் கூட்டம் கூடும். கூடியவர்கள் மொபைலை உயர்த்தியபடி தடுப்புக்குள் வருவார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் எச்சரிக்கைப் பலகை வை, ஆட்களை விலக்கி நிறுத்து என்று எங்கள் விதிகள் சொல்கின்றன. நேரத்தை மறைத்து வை என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

அந்த மூன்று வாரத்தில் தெருவே வந்து எங்களிடம் பேசிவிட்டுப் போனது. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தினமும் காலையில் வந்து, எது வரை இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக இரண்டாம் ஆட்டத்துக்கு வந்துவிடுவாராம். "தங்கத்தையே இடிச்சாச்சு, இது எம்மாத்திரம்" என்று ஒரு நாள் அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். மதுரைக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த, இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய, ஆசியாவிலேயே பெரியது என்று இந்த ஊர் சொல்லிப் பெருமைப்பட்ட தங்கம் தியேட்டர் நின்ற இடத்தில் இன்று ஜவுளிக்கடை. சிந்தாமணி இருந்த இடத்திலும் ஜவுளிக்கடைதான். எங்கள் தியேட்டரோ ஒரு பேட்டைத் தியேட்டர். ஓடி முடிந்த படங்கள் இரண்டாவது சுற்றுக்கு வருகிற இடம். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக மூடியது, அந்த நவம்பரில் பாதி இருக்கைகளோடு தியேட்டர்கள் திறக்கலாம் என்று அனுமதி வந்தபோதும் திறக்கவில்லை.

எல்லோரும் வருத்தப்படவும் இல்லை. எதிர்ச் சந்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணி முதல் நாளே வந்து, "சீக்கிரம் இடிச்சுத் தள்ளுங்கண்ணே" என்றார். கடைசிப் பத்து ஆண்டுகளில் காலைக் காட்சிக்கு ஒட்டிய போஸ்டர்களின் முன்னால் தன் மகள்களைப் பள்ளிக்கு அழைத்துப்போக நேர்ந்ததை அவர் கோபத்தோடு சொன்னார். அந்தக் கோபத்துக்கு முன்னால் மில்காரரின் இரண்டாம் ஆட்டத்து நினைவுகளை வைத்து வாதாட எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதும் அந்தத் தியேட்டரைப் பற்றிய உண்மைதான்.

பொருள் கேட்டு வந்தவர்கள் தனி. டீக்கடைக்காரர் ஒரு வரிசை நாற்காலி கேட்டார். இரும்புக் கணக்கில் கழித்துக் கொடுத்தோம். யாரோ இடைவேளை மணியைக் கேட்டார்கள். ஓர் இளைஞர் தன் தாத்தா வழக்கமாக உட்காரும் இருக்கை எண் என்று சொல்லி, அந்த எண் பொறித்த தகட்டைக் கழற்றி வாங்கிப் போனார். எங்கள் தொழிலில் பழைய பொருளுக்கு மதிப்பிட்டு, அந்தத் தொகையைக் கட்டட உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டுத்தான் இடிக்க இறங்குகிறோம்; நாற்காலியும் மணியும் எங்கள் முதலாளியின் காசு. அப்படியிருந்தும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். எடுத்துக்கொண்டு போகக் கேட்டவர்கள் எவரும் வெறுங்கையோடு போகவில்லை. பார்த்துவிட்டுப் போக மட்டும் கேட்டவரை நான் திருப்பி அனுப்பினேன்.

'பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லை நான் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிறேன். கூலியில் முன்பணம் கேட்டால், பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் என்று யாராவது வந்தால், லாரிக்காரர் வாடகையை உயர்த்தச் சொன்னால், எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். கேட்பவருக்கும் அதன் பொருள் தெரியும். பெரும்பாலும் அது முகம் கோணாமல் சொல்லப்படும் மறுப்பு. அந்த அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார் என்று சில நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் 'பத்து மணிக்கு' என்று சேர்த்திருந்தேன். ஒரு மணியைச் சொல்லிவிட்டால் அது வாக்கு. ஏன் பத்து என்று சொன்னேன் என்பதையும் யோசித்திருக்கிறேன். ஐந்தரைக்கு ஆரம்பித்தால் எட்டுக்குள் முகப்பு இறங்கிவிடும்; ஒன்பதரைக்குள் இடிபாட்டை உள்ளே தள்ளிச் சாலையைத் திறந்துவிடலாம். பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாத நேரம் பத்து மணி. என் வாயில் அது தற்செயலாக வந்தது என்று நான் நம்ப விரும்புகிறேன். முழுதாக நம்ப முடியவில்லை.

விடியற்காலை நாலரைக்கு, யாரும் உள்ளே படுத்திருக்கிறார்களா என்று பார்க்க டார்ச்சோடு முகப்பைச் சுற்றி வந்தபோது அந்த அறைக்குள் போனேன். கவுண்டர் துளைக்குக் கீழே ஒரு தேக்குப் பலகை. காசும் டிக்கெட்டும் தள்ளித் தள்ளி அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பான ஒரு பள்ளம் விழுந்திருந்தது. விரலை வைத்தால் தானாக வழுக்கி உள்ளே வந்தது. பக்கத்துச் சுவரில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், பென்சிலால் நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக நூற்றுக்கணக்கான அடையாளங்கள். சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் மீண்டும் கோடு போட்டு, மீண்டும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவர் பார்க்க விரும்பியது எது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. மணி நாலரைதான். அவர் வீடு அதே தெருவில் என்று அவரே சொல்லியிருந்தார். ஓர் ஆளை அனுப்பி எழுப்பிக் கூட்டிவரச் சொல்லியிருக்கலாம். நான் வெளியே வந்து, உள்ளே யாரும் இல்லை என்று பொக்லைன் ஆபரேட்டருக்குச் சொன்னேன். அந்தப் பலகை மற்ற மரங்களோடு கதவு நிலைக் கணக்கில் சேர்ந்து, எட்டரை மணி வண்டியில் மர வியாபாரியிடம் போய்விட்டது.

பத்து மணிக்கு அவர் வந்தார். தனியாக வரவில்லை, தன்னைவிட வயதான ஓர் அக்காவையும் ஏழெட்டு வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு, கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையில் வந்தார். மண்மேட்டைப் பார்த்துச் சற்று நேரம் நின்றார். அழவில்லை. பேரனைத் தன் முன்னால் நிறுத்தி, காற்றில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, அங்கே ஓட்டை இருந்ததாகவும், அதற்குள் நீளும் கைகள் மட்டும்தான் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். பெண்கள் கவுண்டரில் வரிசை சிறியது என்பதால் ஆண்கள் முன்பின் தெரியாத அக்காக்களிடம் காசைக் கொடுத்து டிக்கெட் எடுத்துத் தரச் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "காசு நீட்டுற கையப் பாத்தே, இவ வீட்டுக்காரனுக்கு வாங்குறாளா, எவனோ வெளிய நிக்கிறவனுக்கு வாங்குறாளான்னு சொல்லிருவேன்" என்றார். பையன் இடிபாட்டின் மேல் நின்ற பொக்லைனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் என்ன சொல்வது என்று தயாராக இருந்தேன். பாதுகாப்பு, போக்குவரத்து, மேலிடத்து உத்தரவு. அவர் என்னைக் கேட்கவே இல்லை. "நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன் போல தம்பி. நீங்க விடியக்காலன்னு சொல்லியிருப்பீங்க. லாரிச் சத்தத்துல காதுல விழல" என்றார்.

"நேத்துச் சத்தம் ஜாஸ்திதாம்மா" என்றேன் நான்.

இந்தப் பதிலைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. லாரி நின்றது, சத்தம் இருந்தது. ஆனாலும் முந்தின நாள் சொன்னதைவிட இது பெரிய பொய். முந்தின நாள் அவருடைய ஐந்து நிமிடத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். மறுநாள், தன் காதுகளின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டேன். எழுபது வயதில் ஒருவர் தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று முடிவு செய்துகொள்வது சிறிய விஷயம் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பார், திட்டியிருப்பார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

அதன்பிறகு நான் மாறினேன் என்று சொல்ல ஆசைதான். சில மாதங்கள் கழித்துப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பழைய அரிசி ஆலையை இறக்கும்போது, அங்கே வேலை பார்த்த முதியவர் ஒருவர் உள்ளே வந்து பார்க்கக் கேட்டார். இந்த அம்மாவை நினைத்து உடனே கூட்டிப்போனேன். களத்தைத் தாண்டி நான்கு எட்டு வைப்பதற்குள், மேலிருந்து ஒரு காரைப் பாளம் பெயர்ந்து அவருக்கு ஒரு கை தூரத்தில் விழுந்தது. அன்று இரவு முழுவதும் எனக்குக் கை நடுங்கியது. முகப்பு விஷயத்தில் நான் செய்ததே சரி என்று அந்த ஒரு வாரம் உறுதியாக நம்பினேன். பிறகு அந்த நம்பிக்கையும் தேய்ந்துவிட்டது. ஏனென்றால் அந்த ஐந்தடி அறையின் மேல் கூரை திடமாக இருந்தது என்பதை நானே அன்று விடியலில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன்.

சென்ற மாதம் பெரியார் நிலையத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். கூட இருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதான் அன்னைக்கு நம்ம தியேட்டருக்குள்ள பாக்க வரச் சொன்னவரு. எனக்குத்தான் நேரம் சரியாக் காதுல விழாமப் போச்சு" என்றார். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் அக்கறைதான் இருந்தது. நான் கும்பிட்டேன். உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டேன். இடது காதுக்கு மெஷின் வைக்கச் சொல்கிறார்கள் என்றார். அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.