கெர்சொப்பா கப்பல்

கர்நாடகத்து ஜோக் அருவிக்கு கெர்சொப்பா என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயரில் ஓடிய சரக்குக் கப்பல் ஒன்றைப் பற்றி இன்று படித்தேன். 1919-ல் இங்கிலாந்தில் கட்டியது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அரசாங்கச் சரக்கு ஏற்றத் தொடங்கியது.

1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து தேயிலை, வார்ப்பிரும்பு, கூடவே டன் கணக்கில் வெள்ளிக்கட்டிகளோடு புறப்பட்டது. அட்லாண்டிக்கில் புயலும் எதிர்காற்றும். நிலக்கரி கரைந்துகொண்டே போக, துணைக்கு வந்த கப்பல் கூட்டத்தை விட்டுவிட்டு அயர்லாந்துப் பக்கம் தனியாகத் திரும்பினார்கள். அங்கேதான் வினை. 1941 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் யு-101 டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகுண்டு) ஏவி மூழ்கடித்தது.

கப்பலில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பாதிக்கும் மேல் நம் நாட்டு லஸ்கர்கள், அதாவது பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த மாலுமிகள். உயிர் பிழைத்தவர் ஒரே ஒருவர், அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ். உயிர்காப்புப் படகு கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை நெருங்கியபோது மற்ற சிலரும் உயிரோடுதான் இருந்தார்கள். கரையோர அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கொடுமை.

2011-ல் கிட்டத்தட்ட 4,700 மீட்டர் ஆழத்தில் சிதைவைக் கண்டுபிடித்து, பிறகு வெள்ளியை மேலே கொண்டுவந்தார்கள். செய்தியெல்லாம் அதைப் பற்றித்தான். எனக்கோ கூடவே கிடைத்த எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள்தான் பெரிசு. எழுபது வருடம் கடலுக்கடியில் கிடந்தும் எழுத்து படிக்க முடிகிறதாம்!