லிண்டா மேடையேறிய கோடை

நாடகம் தொடங்கி வெகுநேரம் ஆகியும் அவரைக் காணோம். கடற்கரையில் ஃப்ரெடரிக் என்ற இளைஞன் ஒரு பெண்கள் கூட்டத்தின் முன் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். கடற்கொள்ளைக்காரர்களோடு வளர்ந்தவன், இப்போது திருந்தி வாழ நினைக்கிறான். என்னை ஏற்றுக்கொள்ள உங்களில் ஒருத்தி கூட இல்லையா என்கிறான். இல்லை. சரி, முகம் சுமாராக இருந்து, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நம்பிக்கை விட்டுப்போன பெண் இருந்தாலும் போதும் என்கிறான். அப்படியும் ஒருத்தியும் இல்லை என்று கூட்டம் மொத்தமாகக் கைவிரிக்கிறது.

அப்போது ஒரு குரல் தனியாக எழுகிறது. உண்டு, ஒருத்தி உண்டு!

அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட். அந்தக் குரல் வந்ததும் நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். 1980இல் பதிவான ஒரு வீடியோவைப் பார்த்து இத்தனை ஆண்டுகள் கழித்து வீட்டுக்குள் ஒருத்தி எழுந்து நிற்பாளா என்றால், நின்றேன். கையும் தட்டினேன்.

லிண்டா எங்களுக்கு வந்தது ஒரு கேசட் வழியாக. அக்கா தன் தோழியிடம் இரவல் வாங்கி வந்து திருப்பிக் கொடுக்காமலே விட்ட கேசட். மேலே ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்து 'லிண்டா' மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் 'ப்ளூ பயூ' பாட்டு இருந்தது. 1977இல் அவர் பாடி எங்கும் ஒலித்த பாட்டு. கீழே மெதுவாக, கிட்டத்தட்ட பேசுவதுபோல் ஆரம்பித்து, நடுவில் நெஞ்சிலிருந்து முழுக்குரலாக விரிந்து, கடைசியில் யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு மெல்லிய மேல் ஸ்வரத்துக்குத் தாவிவிடும். அந்தக் கடைசித் தாவல்தான் அக்காவுக்கும் எனக்கும் பல வருட வழக்கு.

அக்கா கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவள். கள்ளக் குரலில் பாடக் கூடாது என்று அவளுடைய டீச்சர் சிறுவயதிலேயே மனதில் பதித்துவிட்டார். வாயைத் திறந்து பாடு, எட்டாத ஸ்வரத்தைத் திருடிக்கொண்டு வராதே என்பார். அதனால் பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் அக்கா, "இவ்வளவு நல்லாப் பாடிட்டு இங்க மட்டும் ஏமாத்துறாங்க பாருடி" என்பாள். "ஏமாத்தலக்கா, அது அவங்க வீட்டுல வேற ரூம்" என்பேன் நான். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது. எனக்கு சங்கீதம் கேட்கத்தான் தெரியும்.

அந்த 'வேற ரூம்' கதவைத் திறந்து காட்டியதுதான் இந்த நாடகம்.

நாடகத்தின் பெயர் 'தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்'. கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்தது. இங்கிலாந்துக்காரர்கள் இருவரும் 1879 டிசம்பர் 31 அன்று அதை முறையாக அரங்கேற்றியது நியூயார்க்கில். நூறு வருடம் கழித்து, 1980 கோடையில், அதே ஊரில் நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப் அதை மறுபடி மேடையேற்றினார், சென்ட்ரல் பார்க்கில் உள்ள டெலகோர்ட் திறந்தவெளி அரங்கில். டிக்கெட் இலவசம், வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். இருக்கைகள் சுமார் 1,800. லிண்டா அந்தக் காலத்தில் பெரிய பெரிய விளையாட்டு அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தவர். 'டைம்' பத்திரிகையின் அட்டையில் வந்தவர். அந்த ஜூலையில் அவருக்கு 34 வயது முடிந்தது. ராக் பாடகியாக உச்சத்தில் இருக்கும்போது, அதுவரை வாங்கிய பெயர் எதுவும் உதவாத ஒரு நாடகத்துக்கு, மேபல் என்ற விக்டோரியா காலத்துச் சின்னப் பெண்ணாக நடிக்க, ஒரு பூங்காவுக்குப் போய் நிற்கிறார். இதை நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு விம்முகிறது.

ஆனால் அவருக்கு இது புதுச் சரக்கு இல்லை. கில்பர்ட் - சல்லிவன் பாட்டுகள் அவர் சிறுமியாக இருந்தபோதே வீட்டில் புழங்கியவை. ராக் பாட்டுக்கெல்லாம் முந்தியது அந்த உயரமான, மெல்லிய குரல். நாம் கேட்ட கம்பீரமான நெஞ்சுக்குரல் பின்னால் வந்து முன்னறையில் உட்கார்ந்துகொண்டது.

மேபலின் முதல் பாட்டில் 'ஆ… ஆ…' என்று வார்த்தையே இல்லாமல் சின்னச் சின்னத் துண்டாகத் துள்ளி மேலே ஏறும் ஒரு இடம் வருகிறது. ஆபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தின் பாடகிகள் ஆண்டுக்கணக்கில் பழகி எடுக்கிற வேலை. லிண்டா அதை எடுக்கும்போது ஒவ்வொரு துளியும் தனியாகக் காதில் விழுகிறது. ஒன்றோடொன்று வழுக்கிச் சேர்ந்துவிடவில்லை. உச்சிக்குப் போகப் போகக் குரல் கொஞ்சம் மெலிகிறது, அதை மறைக்க மாட்டேன். பயிற்சி பெற்ற ஆபரா குரலின் தடிமன் அங்கே இல்லை. ஆனால் அந்த மெலிவுதான் மேபலுக்குப் பொருந்துகிறது. பெரியவர்கள் யாரும் கேட்காதபோது தோட்டத்தில் தனியாகப் பாடும் ஒரு பெண்ணின் குரல் அது.

நகைச்சுவைக்கு வருகிறேன். லிண்டா தமாஷ் செய்வதே இல்லை என்பதுதான் இங்கே விசேஷம். சுற்றியிருக்கும் எல்லோரும் செய்கிறார்கள். கொள்ளையர் தலைவனாக வரும் கெவின் க்ளைன் ஒரு இடத்தில் நிற்பதில்லை, தாவுகிறார், சறுக்குகிறார், வாளோடு சண்டை போடுகிறார். மேஜர் ஜெனரல் ஜார்ஜ் ரோஸ் மூச்சு விடாமல் வார்த்தைகளைக் கொட்டுகிறார். போலீஸ் சார்ஜென்ட்டாக வரும் டோனி அஸிட்டோவுக்கு உடம்பில் எலும்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். இவர்களுக்கு நடுவில் மேபல் மட்டும் தன் காதலை முழுசாக நம்புகிறாள். அவள் நம்ப நம்ப நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்குப் பிடித்த காட்சி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மேபலும் ஃப்ரெடரிக்கும் தனிமையில் பேச வேண்டும். சகோதரிகளுக்கோ போகவும் மனசில்லை, ஒட்டுக்கேட்பதாகத் தெரியவும் கூடாது. அதனால் அவர்கள் கூடி வானிலையைப் பற்றிப் படபடவென்று பாடத் தொடங்குகிறார்கள். வானம் எவ்வளவு நீலமாக இருக்கிறது பாருங்கள், நாளைக்கு மழை வருமா வராதா என்று ஒரே அரட்டை. வேகமான இரண்டு எண்ணிக்கைத் தாளம். திடீரென்று அதன் மேல் காதலர்கள் மூன்று எண்ணிக்கையில், ஊஞ்சல் ஆடுவதுபோல் நிதானமாகப் பாட வருகிறார்கள். கீழே அரட்டை அதே வேகத்தில் ஓடுகிறது, மேலே லிண்டாவின் குரல் நீளமாக, அவசரமே இல்லாமல் போகிறது. இரண்டு தாளமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகின்றன, ஒன்றும் இடிக்கவில்லை. முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை ஹெட்போன் போட்டு லிண்டாவை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். காதருகே அத்தனை பேர் வேறு தாளத்தில் கத்தும்போது ஒரு இழை கூட ஆடாமல் பாடிக்கொண்டு போகிறார்.

அப்புறம் அந்த 1940 வசனம். ஃப்ரெடரிக் சிறுவனாக இருந்தபோது, காது மந்தமான செவிலித்தாய் ரூத், கப்பலுக்கு வழிகாட்டும் 'பைலட்'டிடம் சேர்க்கச் சொன்னதை 'பைரேட்' என்று கேட்டு, கொள்ளைக்காரர்களிடம் சேர்த்துவிட்டாள். 21ஆவது பிறந்தநாள் வரும்வரை அவன் அவர்களுக்கு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். அவன் பிறந்ததோ பிப்ரவரி 29. நான்கு வருடத்துக்கு ஒரு பிறந்தநாள்! அதனால் 1940இல்தான் விடுதலை, அப்போது வந்து உன்னைக் கைப்பிடிக்கிறேன் என்று மேபலிடம் சத்தியம் செய்கிறான். ரொம்ப நாள் ஆகும்போல இருக்கிறதே என்கிறாள் மேபல். அவ்வளவுதான் அவள் புகார். லிண்டா அதைத் துளிச் சிரிப்பில்லாமல், காத்திருக்கத் தயாராகிவிட்டவளாகச் சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

அந்த இரண்டாம் பாகத்தில் அவருக்கென்றே ஒரு பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். இதே இரட்டையரின் வேறொரு நாடகமான 'பினஃபோர்'இலிருந்து எடுத்த சோகப் பாட்டு. மூலத்தில் கைவைக்கக் கூடாது என்பவர்கள் இப்படி இடைச்செருகுவதை விரும்பமாட்டார்கள். நான் இயக்குநர் வில்ஃபோர்ட் லீச் பக்கம். ஏனென்றால் அந்த நான்கு நிமிடங்களில் துள்ளல், வேகம், விளையாட்டு எல்லாம் அடங்கிவிடுகின்றன. காதலித்து ஏமாந்தவளின் பாடு என்ன என்று லிண்டா மெதுவாகப் பாடுகிறார். கேசட்டில் நாங்கள் கேட்டு அழுத அதே லிண்டா, ஆனால் அந்த மேல் அறையிலிருந்து.

இதையெல்லாம் பார்த்து முடித்த மறுவாரம் அக்காவை அழைத்து உட்காரவைத்தேன். முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. அக்கா முதல் பாட்டு முடியும்வரை வாயே திறக்கவில்லை. விரல் மட்டும் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. 'ஆ… ஆ…' இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"திரும்பப் போடு."

போட்டேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை முடிந்ததும், "இது கள்ளக் குரல் இல்லடி. கள்ளக் குரல்னா ஒளிஞ்சுக்கும். இது நேரா வந்து நிக்குது" என்றாள். இருபது வருட வழக்கு எனக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அதைவிட, அக்காவும் நானும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தோமே, அதுதான் எனக்குப் பெரிது.

1981 ஜனவரியில் நாடகம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போய் 787 காட்சிகள் ஓடியது. அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுகளில் சிறந்த மறுதயாரிப்பு என்று பரிசு. க்ளைனுக்கும் லீச்சுக்கும் ஆளுக்கொன்று. லிண்டாவுக்குச் சிறந்த நடிகைக்கான பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. 1983இல் படமாகவும் வந்தது. படம் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் என்னைக் கேட்டால் பூங்காவில் எடுத்த, படம் கொஞ்சம் மங்கலான அந்தப் பதிவைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பார்வையாளர்களின் சிரிப்பும் கைதட்டலும் அதில்தான் உண்டு. முதல் தடவை நாடக மேடையில் நிற்கும் ஒருவருக்கு அது எப்படி உரம் போடுகிறது என்று கண்முன்னே தெரியும்.

அதன் பிறகு அவர் ஒரே அறையில் தங்கவே இல்லை. நெல்சன் ரிடிலின் வாத்தியக் குழுவோடு பழைய மெல்லிசை, 1987இல் அப்பா வீட்டு மெக்சிகோ பாட்டுகள் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனார். 2013இல், பார்க்கின்சன் நோயால் இனித் தன்னால் பாட முடியாது என்று அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு மேபல் பாடுவதைக் கேட்கும்போதெல்லாம், இருந்த குரல் அத்தனையையும் நல்லவேளை அப்போதே வெளியே எடுத்துப் பாடிவிட்டார் என்று தோன்றும்.

நேற்று அக்கா போன் செய்தாள். அந்த 'ஆ… ஆ…'வை ஸ்வரமாக எழுதிப் பார்த்தாளாம். இரண்டு இடம் பிடிபடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வருகிறாள். வீடியோவைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.