வெளுத்துப்போன வானம்

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நடுப்பகல். படம் எடுக்க இதைவிட மோசமான நேரம் கிடையாது. ஆனால் பயணத்தில் நேரத்தை நாமா முடிவுசெய்கிறோம்? வழியும் வண்டியும் கூட வருகிறவர்களும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். கீழே பள்ளத்தாக்கு பாதி நிழலில் கிடந்தது, மேலே மேகம் கண்ணைக் கூசவைத்தது. நண்பன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். பள்ளத்தாக்கு பச்சைப்பசேல் என்று வந்திருந்தது, அதற்கு மேல் வெறும் வெள்ளை. "வானம் எங்கடா போச்சு?" என்றான்.

கண் இருட்டையும் வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் மாதிரி. நிரம்பிவிட்டால் அதற்குமேல் எவ்வளவு ஊற்றினாலும் ஒரே அளவுதான் காட்டும். மேகத்தின் மடிப்பும் அதன் ஓரத்து நீலமும் ஒரே எண்ணாகப் பதிவாகிவிட்டால், எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே வானத்தைச் சரிசெய்யும் வேலையில் பெரும்பகுதி ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

கைப்பேசி என்றால் திரையில் மேகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். கேமராவில், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்துக்குக் குறைத்து எடுத்து, திரையில் எந்த இடம் வெளுத்துப்போனதற்கு எச்சரிக்கையாக மினுக்குகிறது என்று பார்ப்பேன். மேகம் மினுக்கினால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். சூரியன் மட்டும் மினுக்கினால் விட்டுவிடலாம், அது எப்படியும் வெள்ளைதான். ஒரு விஷயம்: சென்சார் தந்த தகவலை அப்படியே வைத்துக்கொள்ளும் ராவில் எடுத்தாலும், பெரும்பாலான கேமராக்கள் ஹிஸ்டோகிராமை (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தை), கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் படத்தின் கணக்கில்தான் காட்டுகின்றன. அதனால் வலது ஓரத்தை லேசாக முட்டினாலும் ரா ஃபைலில் பெரும்பாலும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும்.

லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானத்தைத்தான் அது அதிகமாகக் கருக்கும். நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால், அடிவானத்தை ஒட்டிச் சுற்றிலும் பலன் கிடைத்தது. சாயங்காலம் இதையே அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸில் மாட்டினால், வானத்தின் நடுவில் ஒரு கருநீலத் திட்டு விழும். அதைச் சரிசெய்வது வெளுத்த வானத்தைச் சரிசெய்வதைவிடப் பெரிய தலைவலி.

ராத்திரி அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிநிலைகள் உண்டு, ஜேபெக்கில் 256தான். வெளிச்சமான பகுதிகளை மட்டும் அடக்கும் ஹைலைட்ஸ் ஸ்லைடரை இடதுபக்கம் இழுத்தபோது ராவில் மேகத்தின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நண்பனின் ஜேபெக்கில் அதே இழுப்புக்கு மேகத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் திரும்பியது; நடுப்பகுதி அழுக்குச் சாம்பலாக மாறியது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பிப்போன இடம் அது. ஒரு நிறத்திலாவது தகவல் மிச்சமிருந்தால் மென்பொருள் அதை வைத்து மற்றதை ஊகித்துக்கொள்ளும். மூன்றும் போனால் சாம்பல்தான்.

வானத்தைத் தானே கண்டுபிடித்துத் தேர்வுசெய்யும் வசதி, படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2021இல் வந்தது. வேலை சுலபமாகிவிட்டது, ஆனால் மரங்களிடம் அது தடுமாறும். என் படத்தின் ஓரத்தில் ஒற்றை மரம் நின்றது. வானத்தை ஒரு ஸ்டாப் இறக்கியதும் மரத்தைச் சுற்றி வெளிச்ச வளையம் கிளம்பியது. இலைகளுக்கு நடுவே தெரிந்த வானத் துண்டுகள் மட்டும் வெள்ளையாகவே நின்று, பொத்தல் போட்டதுபோலத் தெரிந்தன. அந்தத் தேர்வை நீக்கிவிட்டு, திருத்தம் மேலிருந்து கீழே மெல்லக் கரையும் லீனியர் கிரேடியன்ட் போட்டேன். அதற்குள் வெளிச்சமான பகுதியை மட்டும் பிடிக்கும்படி லூமினன்ஸ் ரேஞ்சை வைத்ததும் இலைகளும் கிளைகளும் தப்பின. அப்புறம் ஒரு ஸ்டாப்பை அரை ஸ்டாப் ஆக்கினேன். அடிவானத்துப் பக்கம் வானம் இயல்பாகவே வெளிர்ந்துதான் இருக்கும். அதையும் உச்சியைப்போல நீலமாக்கினால் படம் பொய் சொல்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு எதற்கு இவ்வளவு பாடு, வானத்தையே மாற்றிவிடலாமே என்றான் நண்பன். மாற்றலாம். போட்டோஷாப்பில் அந்த வசதி 2020இலேயே வந்துவிட்டது. இதுவும் புது யோசனை இல்லை. 1850களில் படம் எடுக்கப் பயன்பட்ட கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்குமீறி வாங்கி வானத்தை வெளுக்கடித்தன. அதனால் பிரான்ஸின் புகைப்படக்காரர் குஸ்தாவ் லே கிரே தம் கடல் படங்கள் சிலவற்றில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அடிவானத்தில் சேர்த்து அச்சிட்டார். கலைக்கு அது சரி. 'இந்த இடம் இப்படி இருந்தது' என்று சொல்லிப் போடும் பயணப் படத்தில் வேறு எங்கோ எடுத்த வானத்தை ஒட்ட எனக்கு மனசு வருவதில்லை. அதிலும் ஏரி இருந்தால் பிரதிபலிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் முழுக்க மூடுபனி. அன்று வானம் நிஜமாகவே வெள்ளை, மீட்க அதில் எதுவும் இல்லை. ஹைலைட்ஸைத் தொடாமல், முழு வெள்ளையைக் குறிக்கும் 255ஐ முட்டாதபடி வெள்ளையை மட்டும் ஒரு துளி இறக்கிவைத்தேன். எடுக்கும்போதே படத்தின் மேல்பக்கத்தில் வானத்துக்கு ஒரு விரலளவு இடம்தான் கொடுத்திருந்தேன்.