திதி தெரியாத பெரியையா

2024 யூலை 14, ஞாயிறு

ஆடி அமாவாசைக்கு மூன்று கிழமைகள் இருக்கின்றன. அப்பா இருந்தவரை போக முடிந்த ஆண்டுகளிலெல்லாம் யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் தம் தகப்பனாருக்கும், தகப்பனாரின் தமையனுக்கும் சேர்த்தே எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்தார். அப்பா சென்ற மாசியில் காலமாகிவிட்டதால் இந்தக் கடமை இனி என்னுடையது. அப்பப்பாவுக்குத் திதி உண்டு. கலியாணம் செய்யாமல், பிள்ளை குட்டி இல்லாமல், பர்மாவில் எங்கோ இறந்துபோன அவருடைய தமையனுக்கு, நாங்கள் பெரியையா என்று சொல்பவருக்கு, திதி இல்லை. எனவே அவர் இறந்த நாளையாவது தேடிப் பார்ப்பது என்று இன்று முடிவு செய்தேன்.

2024 யூலை 20, சனி

மாமியிடம் போனேன். அப்பாவின் தங்கையான அவருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. 1990இல் போரினால் எங்கள் ஊரான வசாவிளானை விட்டு ஓடியபோது அவர் கையோடு கொண்டுவந்தது காணி உறுதியும் ஒரு படமும் மட்டுமே என்பதால், பெரியையாவின் கடிதங்கள் அனைத்தும் வீட்டோடு போய்விட்டன.

படம் ஸ்டூடியோவில் எடுத்தது. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு விரல் மொழிவரை இறங்கிக் கிடக்கிறது. ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கிறது. நான் நெடுநேரம் பார்த்தது அவருடைய பாதங்களைத்தான். செருப்பு இல்லை. பெருவிரல்கள் மற்ற விரல்களை விட்டு அகன்று நிற்கின்றன. துலா மிதித்த கால்கள் அவை என்று மாமி சொன்னார். புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும்போது துலாமரத்தின் மேல் முன்னும் பின்னுமாக நடப்பவன், வழுக்காமலிருக்க மரத்தைக் கால்விரலால் பற்றிக்கொள்வானாம்.

அவர் போன காரணமும் புகையிலைதான். திருவிதாங்கூருக்கு ஏற்றிய எங்கள் புகையிலைக்கு விலை விழுந்தபோது, இரண்டு பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கும் போதாத காணியைத் தம்பிக்கு விட்டுவிட்டு, 1936இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு அங்கே ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அவருக்கு அந்தப் படிப்பு இல்லை. செரம்பானில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கத்தரியும் பயற்றையும் மிளகாயும் வைத்து, ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த நம்மவர்களுக்கு விற்றார். அவர் எழுதிய கடிதங்களில் ஒரு வரி மட்டும் மாமியின் நினைவில் நிற்கிறது: "இங்கே கிணறு தேவையில்லை, பின்னேரமானால் மழை தானாக வருகிறது."

2024 யூலை 21, ஞாயிறு

1941 டிசெம்பர் 8 அன்று யப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

2024 யூலை 27, சனி

இன்று நூலகத்தில் இருந்தேன். சுபாஸ் சந்திர போஸ் 1943 யூலை 2 அன்று சிங்கப்பூருக்கு வந்து, சில நாட்களில், யப்பானியரோடு சேர்ந்து பிரித்தானியரை எதிர்த்த இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். சிறைப்பட்ட சிப்பாய்களோடு, தோட்டத் தொழிலாளரும் கடைக்காரரும் எழுதுவினைஞருமாக மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். பெரியையா அவர்களில் ஒருவர். அப்போது அரிசி கிடையாது. வாழைமரம் அச்சடித்த யப்பானிய நோட்டுக்கு மதிப்பில்லை. 415 கிலோமீற்றர் நீளமான சயாம் ரயில்பாதைக்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் பெருந்தொகையான தமிழர் திரும்பவேயில்லை. பசிக்குப் பயந்துதான் சேர்ந்தார் என்று சிலரும், நாட்டுப்பற்றால் சேர்ந்தார் என்று சிலரும் எங்கள் உறவுக்குள்ளே வாதிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். அவற்றைப் பிரித்து எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

அவர் துவக்குத் தூக்கிய அதே காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்காக அவருடைய ஊரின் அயலில், பலாலியில், ஓடுபாதை போட்டார்கள். அவருக்கு எதிரே நின்ற படைகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் 1944 ஏப்ரலில் கண்டிக்கு வந்தது. தம்பி ஊரில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது அந்த எதிர்ப்பக்கத்தின் மண்ணிலே. இந்த நிலைமையில் அவருடைய பெயரை வீட்டில் உரத்துச் சொல்லவும் அஞ்சினார்கள் என்று மாமி சொன்னது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

2024 ஓகஸ்ட் 2, வெள்ளி

1946இல் மலாயாவிலிருந்து திரும்பிய ஊரவர் ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்ன செய்தியை, அப்போது ஆறு வயதுப் பிள்ளையாக இருந்த மாமி, தம் தகப்பனார் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டு மனப்பாடமாக வைத்திருக்கிறார். "எண்ண ஏலாத அளவு கோயில்கள் நிக்கிற ஊர். பெரிய ஆறு. மாசி மாதம். ஆத்தைக் கடந்து வெள்ளைக்காரன்ர படை வந்த இரவு நிலவில்லை."

பர்மாவில் அப்படியொரு ஊர் பாகான்தான், ஆறு ஐராவதி. பாகானை அடுத்த நியாங்குவில் 1945 பெப்ரவரி 14 அதிகாலை பிரித்தானியரின் ஏழாவது இந்திய டிவிஷன் ஆற்றைக் கடந்தது. எதிர்க்கரையைக் காத்து நின்றவர்களில் குர்பக்ஷ் சிங் தில்லனின் கீழிருந்த, இந்திய தேசிய இராணுவத்தின் நேரு படையணியினரும் இருந்தார்கள். பஞ்சாங்கக் கணக்கில் அமாவாசை பெப்ரவரி 12ஆம் திகதியை ஒட்டி வருகிறது. ஆகவே நிலவில்லை என்ற அந்த ஒரு சொல் பொருந்துகிறது. அவர் விழுந்தது அந்த இரவிலா, அடுத்த நாட்களிலா என்பதை இதற்கு மேல் என்னால் நெருங்க முடியவில்லை. இறந்த பிரித்தானியப் படையினருக்கு யங்கோன் அருகே தௌக்கியன் போர்க் கல்லறையில் கல்லும் பெயரும் இருக்கின்றன. இவரைப் போன்றவர்களுக்கு அங்கே இடமில்லை. ஒரு நாட்டுக்காகவென்று போனவரின் பெயர் எந்த நாட்டின் கல்லிலும் இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2024 ஓகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

விடியற்காலையில் கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டு ஐயரின் முன்னால் இருந்தேன். அப்பாவுக்கும் அப்பப்பாவுக்கும் கொடுத்த பின்னர், பெரியையாவின் பெயரைச் சொன்னேன். இறந்த இடம் தெரியுமா என்று அவர் கேட்டார். ஐராவதிக் கரை என்றேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு ஒருவர் மறுமொழி சொன்னது இதுவே முதல் முறை.

மத்தியானம் மாமியின் வீட்டில் படையல். வழமைபோல் காத்தோட்டிக்காய்க் கறி வைத்திருந்தார். மூன்றாவது இலையில் சோறும் கறியும் வைத்து முடித்தபின், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு துண்டுப் புகையிலையை அவிழ்த்து இலையின் ஓரத்தில் வைத்தார். பிறகு முற்றத்தில் காகத்துக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டோம்.