கேரவன் நாட்குறிப்பு: மார்ச்

மார்ச் 3

காலையில் கேரவன் பாட்டரி 11.9 வோல்ட்.

நேற்றுப் பகல் முழுக்க சார்ஜரில் இருந்த பாட்டரி. கழற்றிய உடனே 13-க்கு மேல் காட்டியது. அதை நம்பக்கூடாது, சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆறிய பிறகு 12.7 நின்றால் முழு சார்ஜ். 11.9 என்றால் கிட்டத்தட்ட காலி. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. எது குடித்தது?

அப்பாவோடு கிளம்பும் 21-ம் தேதிக்கு இன்னும் 18 நாள்.

மார்ச் 4

அக்கா போன். "அப்பா ஆசைப்படுறாருன்னு கிளம்பிடாதடா. அந்த ராத்திரி மாதிரி மறுபடி ஆச்சுன்னா?"

பதில் சொல்ல வரவில்லை.

மார்ச் 6

பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரைக் கோத்தேன். எல்லாம் அணைந்திருக்கும்போது 0.38 ஆம்பியர் ஓடுகிறது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன். நான்காவதை எடுத்ததும் 0.02-க்கு இறங்கியது. அந்த வயரைத் தொடர்ந்து போனால் துணி அலமாரிக்குள் இருக்கும் விளக்கு. கதவை மூடினால் அணைய வேண்டிய சுவிட்ச் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. மூடிய இருட்டுக்குள் 5 வாட் பல்பு எத்தனை நாளாக எரிந்ததோ. தொட்டால் சுட்டது. பக்கத்தில் அப்பாவின் கம்பளி.

சந்தோஷம் அரை மணி நேரம்தான். 0.38 ஆம்பியர் பத்து மணி நேரம் ஓடினாலும் 4 ஆம்பியர்-அவர்கூட ஆகாது. 100 ஆம்பியர்-அவர் பாட்டரி அதற்கா படுத்துவிடும்?

மார்ச் 7

மழை.

மார்ச் 9

வயர்களைக் கழற்றி வைத்திருந்தால் காலையில் 12.6 நிற்கிறது. ஆனால் இரண்டு விளக்கைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் 11.4. வோல்ட் இருக்கிறது, சரக்கு இல்லை. ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிட்டது. குளிர்காலம் முழுக்க சார்ஜ் இல்லாமல் போட்டு வைத்தது நான்தான்.

மார்ச் 11

புது பாட்டரி. 12.7. அப்பாவுக்கு போன் போட்டேன். "எர்த்தைப் பார்த்தியா?" என்றார். கரண்ட் பாட்டரிக்குத் திரும்பும் நெகட்டிவ் வழியைத்தான் எர்த் என்கிறார். பாட்டரிதான் காரணம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். மூச்சு வாங்குகிறது.

மார்ச் 12

வெளி மின்சாரத்தை இணைத்ததும் ஆர்.சி.டி. விழுந்தது, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச் அது. ஒவ்வொரு இணைப்புக்குமான எம்.சி.பி. சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்தேன், அப்படியும் விழுகிறது. கொஞ்சம் யோசித்ததில் பிடிபட்டது: இந்த எம்.சி.பி. கரண்ட் வரும் லைனை மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பும் நியூட்ரல், வெளி மின்சாரத்தின் பாதுகாப்பு எர்த்தைத் தொட்டால், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் கசியும். 30 மில்லி ஆம்பியர் போதும். வாட்டர் ஹீட்டரின் வயரை முழுதாகக் கழற்றியதும் நின்றது. ஹீட்டர் வேண்டாம். தண்ணீரை அடுப்பில் காய்ச்சிக்கொள்வோம்.

மார்ச் 14

அப்பாவின் பழைய மூச்சு மெஷினைப் போட்டு சோதித்தேன். தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டேன், அது இல்லையென்றால் மெஷின் இழுக்கும் கரண்ட் நன்றாகக் குறையும்.

ராத்திரி 2.50-க்கு நின்றுவிட்டது. புது பாட்டரியில்.

இருட்டில் அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் இதே நிசப்தம்தான்.

மார்ச் 15

எர்த்தைப் பார்த்தேன்.

பாட்டரி முனையில் 12.5. மெஷின் ஓடும்போது படுக்கையருகே சாக்கெட்டில் 11.1. நடுவில் 1.4 எங்கே போகிறது? மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை சாக்கெட்டின் நெகட்டிவிலும் வைத்தேன். 1.3. போகும் வழி சரி, திரும்பும் வழியில்தான் அடைப்பு. மெஷினை அணைத்தால் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. சும்மா வைத்துப் பார்த்தபோதெல்லாம் இதனால்தான் சிக்கவில்லை.

படுக்கையின் பலகையைத் தூக்கினேன். எர்த் வயர்கள் சேரும் போல்ட் தளர்ந்து, முனைகளில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை அழுத்தி, வாஷரோடு முடுக்கி, கிரீஸ் தடவினேன். இப்போது 0.05.

அந்த போல்ட்டைப் போன வருடம் முடுக்கியது நான். அப்பா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொரு சுத்து" என்றார். போதும் என்றேன்.

மார்ச் 16

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 18

இரவு 10: 12.7. 1 மணி: 12.5. 3 மணி: 12.4. 6 மணி: 12.3, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு எண்களை மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 20

13 பின் பிளக்கைக் காரில் மாட்டிப் பார்த்தேன். இண்டிகேட்டர், பிரேக், எல்லாம் எரிகிறது. அப்பா போனில், "எர்த்?"

"பார்த்துட்டேன்ப்பா. அந்த போல்ட்தான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கம்பளி எடுத்து வெச்சியா?"