மட்டில்டா தயார்

மேசைப் போர் விளையாட்டுக்கான என் மட்டில்டா 2 மாடல், இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் டாங்கி, இன்று முடிந்தது. 1:56 அளவு. நிஜ டாங்கி சுமார் 5.6 மீட்டர் நீளம். இது பத்து சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் உட்கார்ந்துவிடுகிறது.

வண்ணம் 1940 டிசம்பர், எகிப்துப் பாலைவனத்துக்கானது. மணல், வெள்ளிச் சாம்பல், கருஞ்சாம்பல் என மூன்று நிறங்கள், சாய்வான நேர்கோட்டுப் பட்டைகளாக. பிரிகேடியர் காண்டர் பெயரால் வழங்கும் முறை இது. வெள்ளிச் சாம்பல் வரவேண்டிய இடத்தில் மாடல் செய்பவர்கள் நெடுங்காலம் வெளிர்நீலம் அடித்துவந்தார்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனாலும் லேசாகப் பச்சை ஓடிய சாம்பல்தான் சரி என்பது என் கட்சி. கோடுகள் கூர்மையாக விழ மெல்லிய மாஸ்கிங் டேப். பக்கத் தகடுகளில் சேறு வழிந்து விழச் சரிவுகள் இருக்கின்றனவே, அங்கே டேப் படியாது. அவற்றை நுனித் தூரிகையால் கையாலேயே வரைந்தேன். பிறகு பழுப்பு வாஷ், அதாவது இடுக்குகளில் இறங்கும் நீர்த்த வண்ணம். அதன்மேல் தூசி, தாராளமாக!

டிசம்பர் 9 காலையில் 7ஆவது ராயல் டாங்க் ரெஜிமென்ட்டின் மட்டில்டாக்கள் எகிப்தில் இருந்த இத்தாலியரின் நிபைவா முகாமுக்குள் புகுந்தன. 78 மில்லிமீட்டர் முன்கவசத்தின் முன் இத்தாலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் திணறிப்போயின. டாங்கிகளோடு சேர்ந்து அங்கே போரிட்டது 4ஆவது இந்தியக் காலாட்படை டிவிஷன். மேசையில் மட்டில்டா மட்டும் தனியாக நின்றால் அந்தக் காலைப்பொழுது முழுமையாகாது. அடுத்து அந்தச் சிப்பாய்கள்தான். 28 மி.மீ. அளவில் நல்ல வார்ப்பு எங்கே கிடைக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.