ரோமானிய மாகாண ஆளுநர்: இந்தப் பகுதியை எப்படிப் படிக்கலாம்?

முதுகலை வரலாற்றில் பண்டைய ரோம் தாள் எழுதுபவர்களில் பலர் மாகாண ஆட்சி பற்றிய கேள்வியைத் தொடுவதே இல்லை. புரோகான்சல், லெகாட்டஸ், பிரிஃபெக்ட், புரோகியூரேட்டர் என்று வரிசையாக வரும் பதவிப் பெயர்களே மிரட்டிவிடும். எனக்கோ அந்தத் தாளில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். நான் படித்த முறையைச் சொல்கிறேன்.

பதவிகளுக்கு வரையறை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பதவிக்கும் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரை அனுப்பியது யார், எத்தனை காலத்துக்கு, கையில் படை இருந்ததா, தப்பு செய்தால் தட்டிக் கேட்க யார் இருந்தார்கள் என்று பாருங்கள். இதற்குள் பாடம் முழுவதும் அடங்கிவிடும்.

குடியரசுக் காலத்துக்கு வெரெஸ். கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியின் ஆளுநர். கி.மு. 70இல் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ அவர்மேல் வழக்கு நடத்த, தீர்ப்புக்குக் காத்திராமல் மசிலியாவுக்கு (இன்றைய மார்செய்) போய்விட்டார். இங்கே ‘வெரெஸ் கொள்ளையடித்தார்’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது. ஆளுநருக்குச் சம்பளம் கிடையாது. தேர்தலில் வாங்கிய கடனை மாகாணத்தில்தான் பலர் அடைத்தார்கள். ஆளுநர்களின் பணப்பறிப்பை விசாரிக்க கி.மு. 149இலேயே நிரந்தர நீதிமன்றம் வந்துவிட்டது. ஆனால் சர்வாதிகாரி சுல்லாவின் சட்டப்படி அதில் நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் செனட்டர்கள், அதாவது ஆளுநரின் சொந்த வட்டத்து ஆட்கள். சிசிலி விவசாயி யாரிடம் போய் முறையிடுவார்? வெரெஸ் வழக்கு நடந்த அதே ஆண்டில் நடுவர் குழுவை மாற்றியமைக்கும் சட்டம் வந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம் கி.மு. 27. முதல் பேரரசர் அகஸ்டஸ் செய்த ஏற்பாட்டில் ஆசியா, ஆப்பிரிக்கா போன்றவை செனட்டின் பொறுப்பு. சீட்டுக் குலுக்கி ஓராண்டுக்கு ஒரு புரோகான்சல். சிரியா போல லெஜியன்கள் (ரோமானியப் படைப்பிரிவுகள்) நின்ற மாகாணங்களுக்குப் பேரரசரே தன் பிரதிநிதியாக லெகாட்டஸை அனுப்பினார். பேரரசர் விரும்பும்வரை பதவி. எகிப்து தனி. ரோமுக்குத் தானியம் தரும் நாடு என்பதால் செனட்டர் யாரும் அனுமதியின்றி அங்கே காலடி வைக்க முடியாது. அங்கே ஆட்சி செய்தவர், செனட்டர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த ஈக்வைட் வகுப்பைச் சேர்ந்த பிரிஃபெக்ட். யூதேயாவின் பிலாத்துவும் பிரிஃபெக்ட்தான். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் அவரைப் புரோகியூரேட்டர் (பேரரசரின் நிதி அதிகாரி) என்கிறார். 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு பிரிஃபெக்ட் என்கிறது. விடையில் இதைச் சேர்த்தால், சான்றுகளை ஒப்பிட்டுப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

ஒன்றை மட்டும் மூலத்திலேயே படியுங்கள்: பித்தினியாவிலிருந்து (இன்றைய துருக்கியின் வடமேற்கு) அதன் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதங்கள், பதில்களோடு. கிறிஸ்தவர்கள் பற்றிய கடிதத்தை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் நிகோமீடியாவுக்குப் போங்கள். குடிநீர் கொண்டுவரும் நீர்வழி (அக்வடக்ட்) கட்ட 33 லட்சம் செஸ்டர்ஸுக்கு (ரோமானிய நாணயம்) மேல் செலவழித்துவிட்டுப் பாதியில் கைவிட்ட நகரம் அது. அங்கே பெரிய தீ விபத்து. 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று பிளினி கேட்கிறார். கூடாது, இப்படிச் சேருபவர்கள் சீக்கிரமே அரசியல் கும்பலாகிவிடுவார்கள், கருவிகள் மட்டும் வாங்கி வையுங்கள் என்கிறார் டிராஜன். ஊர் எரிந்த பிறகும் 150 பேர் ஒன்றுகூட ஆளுநரால் அனுமதி தர முடியவில்லை. வெரெஸ் காலத்தோடு இதை வைத்துப் பார்த்தால், ‘குடியரசு, பேரரசு: ஒப்பிடுக’ என்ற கேள்விக்கு விடை தானாக வரும்.

பிற்காலப் பேரரசர் டயோக்ளீஷியனுக்கு ஒரு பத்தி போதும்: மாகாணங்களைச் சிறிதாக்கி எண்ணிக்கையைச் சுமார் இரு மடங்காக்கினார், பெரும்பாலான ஆளுநர்களிடமிருந்து படை பிரிந்து தனித் தளபதிகளிடம் போகத் தொடங்கியது.